முடக்குவாதமும் இரண்டு மருந்துகளும்

மூட்டுவலி என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்களை அடக்கிவிடுவது நம் வழக்கம். மேலை மருத்துவமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1800இல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த லாந்த்ரே-பொவே என்னும் இளம் மருத்துவர், ஒன்பது பெண்களின் நோயைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். வசதி படைத்த ஆண்களைப் பீடிக்கும் கௌட் நோயினின்றும் இது மாறுபட்டது என்று கண்ட அவரும், அதனைக் கௌட்டின் ஒரு வகையாகவே எண்ணினார். 1859இல் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் காராட் 'ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்' எனத் தனிப்பெயர் சூட்டினார். தமிழில் இதனை முடக்குவாதம் என்கிறோம். உடலின் காப்புப்படையே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய் இது.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஆஸ்பிரின் வலியைத் தணித்தது. தங்க உப்பு ஊசி சிலருக்குப் பயன்பட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், மஞ்சள் காமாலை வந்தபோதும் கருவுற்றபோதும் நோயாளிகளின் மூட்டுவலி தணிவதைக் கவனித்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் இதற்குக் காரணம் என ஊகித்தார். 1948 செப்டம்பரில், நடக்கவே இயலாதிருந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வியப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பியது. தொடர்ந்தால் முகம் ஊதியது, எலும்பு நலிந்தது.

அதே 1948இல், ஹென்ச்சின் சோதனைக்கு ஒரு மாதம் முன்பு, நியூயார்க்கில் ஒருவர் 53 வயதில் மறைந்தார். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர். லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு, ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை உருவாக்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கே அவை முதலில் பயன்பட்டன. 1951இல் கப்னர் என்பவர், அவற்றுள் ஒன்றான அமினாப்டெரின் மூட்டு அழற்சியையும் தணிப்பதாக எழுதினார். கார்ட்டிசோனின் புகழொளியில் அதனைப் பெரிதாகக் கவனித்தவரில்லை. அதன் உறவான மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு ஏற்றது 1988இல்தான். இன்று பெரும்பாலோர்க்கு முதலில் தரப்படுவது அதுவே. கார்ட்டிசோன் வகை மருந்துகளோ, அது வேலை செய்யத் தொடங்கும்வரை குறுகிய காலத் துணையாகின்றன.

இவ்வரலாறு நோயாளிக்கு உணர்த்துவது என்ன? வலி நீங்குவதும் நோய் அடங்குவதும் ஒன்றல்ல. காலையில் விரல்கள் அரைமணிக்கு மேல் விறைத்து, சிறு மூட்டுகள் வீங்குமாயின், முதற்சில மாதங்களுக்குள்ளேயே மருத்துவரை நாட வேண்டும். அரிக்கப்பட்ட எலும்பு மீள்வதில்லை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே தீங்கு. கருவுற விழைவோர் அதனைத் தவிர்க்க வேண்டும். உடனே வலி நீக்கும் பெயரறியா மாத்திரையை நாடுவோர், ஹென்ச்சின் நோயாளி எழுந்து நடந்ததோடு, பின்வந்த ஆண்டுகளையும் நினைவிற்கொள்வது நல்லது.