வடு

'ட்ராமா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காயம் என்றே பொருள். உடற்புண்ணைக் குறித்து வந்த அதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனத்துக்கும் ஆக்கினார்கள். தமிழில் 'அதிர்ச்சி' என்கிறோம். எனக்கு அது போதவில்லை. அதிர்ச்சி வந்து போவது; வடு தங்கிவிடுவது.

வடுவுக்குத் தழும்பு என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள், பிஞ்சு என்றும் பொருள். ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் மாவடு அந்தப் பிஞ்சுதான். சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், சொல்லால் சுட்ட வடு ஆறாது என்று பிரித்துக் காட்டிய வள்ளுவரே, 549ஆம் குறளில் குற்றம் கடிவது அரசனுக்கு வடுவாகாது என்று பழிப்பொருளிலும் அதே சொல்லை ஆள்கிறார்.

சிறார் நீதியில் இம்மூன்று பொருளும் ஒரே பிள்ளையிடம் வந்து நிற்கின்றன. 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைப்பருவத் துயரங்களில் அடி உதையோடு வீட்டில் ஒருவர் சிறை சென்றதையும் சேர்த்தது. அப்பாவுக்கு விதித்த தண்டனை பிள்ளைமேலும் விழுகிறது.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் பழிச்சொற்களை விலக்கச் சொல்கிறது. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றே அழைக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பெயரோடு பார்வையும் மாற வேண்டும். கதவு அறைந்து சாத்தப்படும் ஓசைக்குத் திடுக்கிட்டு முறைக்கும் பையனிடம் அலுவலர் திமிரைக் காண்கிறார். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று அவன் உடல் பார்த்துக்கொண்டிருக்கிறது.