ஜான் மெக்லாஃப்லின்: கிதாரில் கமகம்

ஜான் மெக்லாஃப்லின் (பிறப்பு: ஜனவரி 4, 1942) இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்த கிதார் கலைஞர். 1971-ல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து மின்கிதாரைப் பேரொலியுடனும் அசுர வேகத்துடனும் வாசித்துப் புகழ்பெற்றார். ராக் ரசிகர்கள் பலர் அந்த மெக்லாஃப்லினோடு நின்றுவிட்டனர்.

அவரது வாசிப்பைத் திருப்பியது வீணை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் அதைக் கற்றார். வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைத் தொடலாம். கிதாரில் விரல் மரத்தில் உரசி இழுப்பைத் தடுக்கும். எனவே சக்தி குழுவுக்காக ஏப்ரஹாம் வெக்டர் செய்த கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. ஒலித்துளைக்குக் குறுக்கே ரீங்காரத் தந்திகளும் பூட்டப்பட்டன. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றுடன் அதில் கமகம் ஒலித்தது.

1997-ல் 'ரிமெம்பர் சக்தி' உருவானபோது மின்கிதாருக்குத் திரும்பினார். ஆனால் பழைய ஆவேசம் இல்லை. யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினுக்கு இடம்விட்டு அவர் காத்திருக்கும் தருணங்களே அக்கச்சேரிகளில் அழகானவை. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் கஞ்சிரா வாசித்தார்.

பின்னாளில் கையில் மூட்டுவாதம் வந்தது. 2017-ல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். எனினும் சக்தியின் 'திஸ் மொமென்ட்' 2023-ல் வெளிவந்து, மறுஆண்டு கிராமி விருது பெற்றது. அப்போது அவருக்கு வயது 82.