சுற்றமும் பதவியும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அதிகாரங்களை அடுக்கிய முறையே நமக்கொரு பாடமாகும். ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம். தெளிந்தவனை வினையில் அமர்த்துவதற்கு ஓர் அதிகாரம். அவ்விரண்டையும் அடுத்தே ‘சுற்றந்தழால்’ வருகிறது. அன்புடைமை ஒன்றே கருதி அறியாதாரைப் பொறுப்பில் வைத்தல் பெருங்கேடு என்று எச்சரித்த அதே பெருமகனார், சுற்றம் சூழ வாழ்வதே செல்வத்தின் பயன் என்றும் போற்றுகிறார். இவை முரண்பட்ட கூற்றுகள் அல்ல. தன் செல்வத்தைச் சுற்றத்தாரோடு பகிர்ந்துகொள்வது அறம். ஊரார் தன்னிடம் ஒப்படைத்த பொறுப்பைச் சுற்றத்தாருக்குப் பகிர்ந்தளிப்பது அறமன்று. இவ்வெல்லைக்கோட்டினை நாம் வாழும் பெங்களூர் எவ்வாறு கண்டது என்பதைச் சிறிது நோக்குவோம்.

முதற்கண் நம்மவரிடமிருந்தே தொடங்குதல் முறை. சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த தமிழர். 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கியவர். காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்னாக்கும் திட்டம் அவர் காலத்தில் உருப்பெற்றது. அங்கிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கும் 1905இல் பெங்களூருக்கும் மின்சாரம் வந்தது. சேஷாத்திரிபுரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் அக்காலத்தில் ஒரு மனக்குறையும் வளர்ந்தது. சென்னை மாகாணத்திலிருந்து வந்தோரே உயர் பதவிகளை நிரப்புகின்றனர் என்று இம்மண்ணின் மக்கள் வருந்தினர். ‘மைசூர் மைசூரியருக்கே’ என்னும் குரல் எழுந்தது. சுற்றம் என்பது குருதியுறவோடு நின்றுவிடுவதன்று. ஊரும் மொழியும் சாதியும்கூடச் சுற்றமாகிவிடும் என்பதை அக்குரல் உணர்த்திற்று.

1912இல் திவானாகப் பொறுப்பேற்றார் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. பதவியை ஏற்குமுன் அவர் தம் உற்றாரை அழைத்து, எவரும் எவருக்காகவும் தம்மிடம் பரிந்துரை வேண்டி வரலாகாது என்றும், அதற்கு இசைந்தால் மட்டுமே பதவி ஏற்பதாகவும் கூறினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் செய்தி. தம் வீட்டு வாயிலை அவர் இவ்வாறு காத்துக்கொண்டார். ஆனால் சமஸ்தானத்து அலுவலகங்களின் வாயிலோ, கல்வியில் முந்திய ஒரு சமூகத்தாருக்கே பெரிதும் திறந்திருந்தது. அதனை ஆராய நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் நீதிபதி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். பதவிக்குத் தகுதியொன்றே அளவுகோல் என்று கருதிய திவான், பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்கும் கொள்கைக்கு இசையவில்லை. அவ்வாண்டிலேயே பதவியை விட்டு விலகினார். தனிமனித நேர்மை பெரிது. ஆயினும் அதுவே முழு நீதியாகிவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சியை 1972இல் முதலமைச்சரான தேவராஜ் அர்சின் காலத்தில் காண்கிறோம். ஹாவனூர் ஆணையத்தை நிறுவிப் பிற்பட்ட மக்களுக்கு அரசுப்பணியின் கதவைத் திறந்தவர் அவர். அத்தகையவர் மீதே 1977இல் மத்திய அரசு குரோவர் விசாரணை ஆணையத்தை ஏவிற்று. ஆணையம் விசாரிக்க வேண்டியவற்றுள் ஒன்று, மாநிலத் திரைப்படத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் இயக்குநர் பதவியில் முதலமைச்சர் தம் உடன்பிறந்தாரான கெம்பராஜ் அர்சை அமர்த்திச் சலுகை காட்டினாரா என்பதாகும். அவ்வாணையத்தை எதிர்த்துக் கர்நாடக அரசு தொடுத்த வழக்கினை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் தள்ளுபடி செய்தது.

கெம்பராஜ் திரைத்துறைக்குப் புதியவர் அல்லர்; கன்னடத்திலும் தமிழிலும் படம் எடுத்தவர், நடித்தவர். அவ்வாறாயின், தகுதியுள்ளவன் அண்ணன் முதலமைச்சர் என்பதற்காகவே பதவியை இழக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் ஐயம் தம்பியின் தகுதியைப் பற்றியதன்று. தேர்ந்தெடுக்கும் கையைப் பற்றியது. தேர்வோன் அண்ணனாக இருக்கும்போது, தம்பியின் உண்மைத் தகுதியும் ஊரார் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. எனவே அண்ணன் விலகி நிற்பதே தம்பிக்கும் பெருமை தரும்.

சட்டமும் இக்கோட்டினை வரைய முயன்றதுண்டு. 1964இல் பஞ்சாப் முதலமைச்சர் பிரதாப் சிங் கெய்ரோன் பற்றி விசாரித்த எஸ். ஆர். தாஸ் ஆணையம், மக்கள் வாணிகம் செய்வதைத் தந்தை தடுத்தல் இயலாது, ஆயின் தந்தையின் செல்வாக்கையே வாணிகமாக்குதல் ஒவ்வாது என்னும் கருத்தை நிலைநாட்டியது. கர்நாடகத்தில் 1984ஆம் ஆண்டின் லோகாயுக்தா சட்டம், சட்டமன்ற உறுப்பினர் ஆண்டுதோறும் தம் சொத்துக் கணக்கோடு குடும்பத்தார் கணக்கையும் அளிக்க வேண்டும் என விதித்தது. எனினும் அச்சட்டம் சுட்டும் குடும்பம் எது? மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்து வாழும் மக்கள், பெற்றோர், அவ்வளவே. தன் காலில் நிற்கும் மகனும், உடன்பிறந்தாரும், மைத்துனரும் அந்தக் கணக்கிற்குள் வாரார். முன்னர்க் கண்ட இரு வழக்குகளிலும் பேசப்பட்டவர்கள் அத்தகையோரே அன்றோ?

சட்டம் நின்றுவிடும் அவ்விடத்திலிருந்து குடும்பத்தாரின் அறம் தொடங்க வேண்டும். பதவியில் இருப்பவர் கொடாமை ஒரு பாதி. வீட்டில் இருப்பவர் கேளாமை மறுபாதி. காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோதும், அவர் அன்னை சிவகாமி அம்மையார் விருதுநகரின் பழைய வீட்டிலேயே வாழ்ந்தார். மகனின் புகழில் அத்தாயின் பொறுமைக்கும் பங்குண்டு.

பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நமக்கு, ஊர்க்காரர் ஒருவர் சொல்லும் ஒரு சொல் எத்துணை ஆறுதல் என்பது தெரியும். தங்க இடமும் பசிக்கு உணவும் தந்து, காலியிடம் எங்குளது என்று வழிகாட்டும் அந்தச் சுற்றம் வாழ்க! ஆனால் அதே சுற்றம், நம்மினும் தகுதி மிக்க முகமறியா ஒருவனின் இடத்தை நமக்குப் பெற்றுத் தர முனையுமாயின், வேண்டா என்று சொல்லும் துணிவு நமக்கு வர வேண்டும். பின்னாளில் நம் பிள்ளைகளுள் ஒருவர் பதவியில் அமரும்போது, அவரிடம் எதனைக் கேட்கலாகாது என்பதை இன்றே நாம் பழகிக்கொள்ளல் நன்று.