சதுரங்கக் கணினி ஏன் சொல் மாறுகிறது?



சதுரங்கப் பலகையில் ஒரே நிலைதான். அதை இரண்டு கணினிகளிடம் கொடுத்தால், ஒன்று “வெள்ளைக்கு வெற்றி” என்கிறது. மற்றது “சமநிலை” என்கிறது. கணக்கில் பிசகாத இயந்திரம் இப்படி மாறுபடலாமா? இதற்கு விடை அதன் வரலாற்றில் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், கணினியைச் சதுரங்கம் ஆட வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டம் எத்தனை விதமாக நடக்கக்கூடும் என்று அவர் மதிப்பிட்டார். 1-க்குப் பின் 120 பூஜ்யங்கள் வந்தன! அத்தனையையும் எந்த இயந்திரமும் எண்ணி முடிக்காது. ஆகவே, சில நகர்த்தல்கள் வரை பார்த்து, அங்கே நின்று, மதிப்பெண் போட வேண்டும் என்றார். அரசிக்கு 9, கோட்டைக்கு 5, அமைச்சருக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1.

இன்றும் அடிப்படை அதுதான். நிரையிலுள்ள மரங்களைப் பார்த்து, இன்று எத்தனை வாளி பால் கிடைக்கும் என்று இருவரிடம் கேளுங்கள். இரண்டு விடை வரும். நிறுத்துப் பார்த்தால்தான் ஒரே விடை. கணினி சொல்வதும் பெரும்பாலும் மதிப்பீடே. மதிப்பெண் போடும் முறை வேறானால் விடை மாறும். ஒரு நிமிடம் யோசித்தது, ஒரு மணி நேரம் யோசித்தால் மாறும். பல செயலிகள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும்போது, எது முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் வேறுபடுவதால், அதே கணினியே மறுமுறை வேறு விடை தரலாம்.

நிறுத்துப் பார்த்த கதையும் உண்டு. இரண்டு அமைச்சர்களை ஒற்றைக் குதிரை எதிர்க்கும்போது, குறிப்பிட்ட ஓர் அரணை அடைந்தால் சமன் செய்யலாம் என்று 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். நிபுணர்கள் அதை நம்பினார்கள். 1983-இல் கென் தாம்ப்சன், ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கி எல்லா நிலைகளையும் கணினியால் எண்ணச் செய்தார். அந்த அரணும் உடைந்தது! சில நிலைகளில் 66 நகர்த்தல்கள் தேவைப்பட்டாலும், பொதுவாக அமைச்சர்களுக்கே வெற்றி. 132 ஆண்டு நம்பிக்கை தகர்ந்தது. இன்று பலகையில் ஏழு காய்கள் வரை இப்படி எண்ணி முடித்துவிட்டார்கள். அங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆகவே பெற்றோர்களே, “கணினி சொல்லிவிட்டது” என்று உங்கள் பிள்ளை தோற்ற ஆட்டத்தை எண்ணி மனம் சோர்ந்தால், ஒன்று கேளுங்கள்: அது எண்ணிச் சொன்னதா, மதித்துச் சொன்னதா? மதித்துச் சொன்னதென்றால், பலகையை மீண்டும் விரித்து யோசிக்க இடமிருக்கிறது.