மிதிச்சாச்சு, கார் ஏன் இன்னும் கிளம்பல? டர்போ லேக்கின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன தாமதத்தைப் பற்றியது. ஒரு விநாடி, சில பழைய கார்களில் இரண்டு விநாடி, அவ்வளவுதான். ஆனா அந்த விநாடியை ஒழிக்க உலகத்தின் பெரிய கார் கம்பெனிகள் அறுபது வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க.

சூழ்நிலையைச் சொல்லிடறேன். சின்ன கார், ஸ்போர்ட்டியான கார், பானெட்டுக்குள்ளே டர்போ இன்ஜின். சிக்னல் பச்சையாகிறது. ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிக்கிறோம். கார் யோசிக்கிறது. பக்கத்தில் நின்ற சாதாரண ஹேட்ச்பேக் முன்னால் போய்விடுகிறது. அப்புறம் திடீரென்று யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி நம்ம கார் பாய்கிறது. இதைத்தான் டர்போ லேக் என்கிறோம்.

எந்த கார் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். அது இன்ஜின் அதிகபட்சமாக எவ்வளவு வேலை செய்யும் என்கிற கணக்கு. நாம் மிதித்ததற்கும் கார் பதில் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும்: முதலாவது த்ரூபுட், இரண்டாவது லேட்டன்ஸி. டர்போவின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடந்த சண்டைதான்.

ஆரம்பத்தில் இருந்து வருவோம். 1905-ல் ஆல்ஃபிரட் ப்யூகி என்ற ஸ்விஸ் இன்ஜினியர் ஒரு காப்புரிமை பெற்றார். எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகும் புகையில் இன்னும் நிறைய சக்தி மிச்சம் இருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. அந்தப் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டி, அது வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுவது. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம், சக்தியும் கூடும். 1920-களில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 1,750 குதிரைத்திறன் இருந்த டீசல் இன்ஜின் 2,500 ஆனது.

அதற்கு முன்பே 1918-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு விமான இன்ஜினைப் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய் டர்போ மாட்டிச் சோதித்தார். சுமார் 4,300 மீட்டர் உயரம், காற்று மெல்லியது. ஆனாலும் கடல் மட்டத்தில் தரும் சக்தியை அந்த இன்ஜின் அங்கேயும் தந்தது.

கப்பல், விமானம். இந்த இரண்டுக்கும் பொதுவான விஷயத்தைக் கவனிச்சீங்களா? இரண்டு இன்ஜினும் மணிக்கணக்கில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுபவை. டர்போ சுழல ஆரம்பிக்க மூன்று விநாடி ஆனாலும் அங்கே யாருக்கும் கவலை இல்லை. ராத்திரி முழுக்க ஓடும் பேட்ச் ஜாப் அஞ்சு விநாடி தாமதமா ஆரம்பிச்சா நாம கண்டுக்கவே மாட்டோம். ஒரு ஆப்பைத் தொட்டுட்டு அஞ்சு விநாடி காத்திருக்கச் சொன்னா தூக்கிடுவோம். லேட்டன்ஸி ஒரு பொருட்டே இல்லாத இடத்தில் பிறந்த ஒரு தொழில்நுட்பத்தை, அதுவே உயிர்நாடியான சாலைக் காருக்குள் கொண்டுவந்ததுதான் பிரச்சினையின் வேர்.

1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரின் கதை சுவாரசியமானது. அதைச் சொல்றதுக்கு முன்னாடி நாக்கிங் பற்றி ஒரு நிமிஷம் பேசணும்.

காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான, அடர்த்தியான காற்றோடு பெட்ரோல் கலந்து சிலிண்டருக்குள் இன்னும் அழுத்தப்பட்டால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்து எரிந்து முடிவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங். நீடித்தால் பிஸ்டன் காலி. இதைத் தவிர்க்க எளிய வழி, இன்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோவைக் குறைப்பது. ஆனால் ரேஷியோவைக் குறைத்தால் டர்போ வேலை செய்யாத நேரத்தில் அந்த இன்ஜின் சாதாரண இன்ஜினைவிட மந்தமாகிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டர்போ எங்கே வேலை செய்கிறது? புகையே போதுமான அளவு வரவில்லையே! ஆக அடி இரட்டை அடி. டர்போவும் தூங்குகிறது, இன்ஜினும் பலவீனமாக இருக்கிறது.

ஜெட்ஃபயர் வேறு வழியில் போனது. கம்ப்ரஷன் ரேஷியோவை 10.25:1 என்று உயரமாகவே வைத்துக்கொண்டு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்துச் சூட்டைக் குறைத்தார்கள். அதற்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர் வேறு! புத்திசாலித்தனமான தீர்வுதான். ஆனால் அந்தத் திரவத்தை கார்க்காரர் தானே வாங்கி நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தை கார் தானாகவே குறைத்துவிடும், சக்தியும் போய்விடும். இரண்டே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பிறகு பல கார்களில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து 1973, ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோ. பி.எம்.டபிள்யூ தன் சின்ன இரண்டு கதவு காரான 2002-க்கு டர்போ மாட்டி நிறுத்தியது. 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 170 குதிரைத்திறன். டர்போ இல்லாத 2002 டிஐஐ மாடலுக்கு 130. ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும் எடையுள்ள காருக்கு அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். காட்சிக்கு வைத்த காரின் முகப்பில் ‘டர்போ’ என்ற வார்த்தையைத் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் அதைப் படித்துவிட்டு ஒதுங்கி வழிவிட வேண்டுமாம்!

ஆனால் அதே கார் சிக்னலில் நின்று கிளம்பும்போது? கம்ப்ரஷன் ரேஷியோ 6.9:1. டிஐஐ மாடலில் அது 9-க்கும் மேல். அதிகபட்ச டார்க் வருவது 4,000 ஆர்பிஎம்மில். அதுவரைக்கும் விலை குறைந்த தம்பியைவிட இந்த அண்ணன்தான் சோம்பேறி. 4,000 வந்ததும் எல்லாம் மொத்தமாக வரும்.

கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. நவம்பரில் ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. அந்தச் சமயத்தில் ‘வழிவிடு’ என்று மிரட்டும் ஒரு கார் யாருக்கு வேண்டும்? மொத்தம் 1,672 கார்களோடு கதை முடிந்தது.

லேக் வெறும் எரிச்சல் மட்டும்தானா? இல்லை. 1974-ல் அறிமுகமான போர்ஷே 911 டர்போவை எடுத்துக்கொள்வோம். 260 குதிரைத்திறன், இன்ஜின் காரின் வால் பக்கம். வளைவில் ஓட்டுநர் மிதிக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதிக்கிறார். வளைவு முடிவதற்குள் சக்தி மொத்தமும் ஒரே தடவையில் வந்து இறங்குகிறது. பயந்துபோய் காலை எடுக்கிறார். எடை முன்பக்கம் சாய, கனமான பின்பக்கம் சாலையை விட்டு வீசப்படுகிறது. அந்த காருக்கு ‘விதவையாக்கி’ என்று ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை. மனித மூளை காரியத்துக்கும் விளைவுக்கும் நடுவில் இடைவெளி இல்லை என்று நம்பித்தான் கையையும் காலையும் இயக்குகிறது. இடைவெளி வந்தால் நாம் அதிகமாகத் திருத்துவோம். குறுக்குச் சாலையில் லாரிக்கு முன்னால் ஒரு இடைவெளியைக் கணக்குப் போட்டு நுழைகிறோமே, அங்கேயும் இதே ஒரு விநாடிதான்.

சரி, எப்படிச் சரிசெய்தார்கள்? முதலில் ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். லேக் என்று நாம் சொல்வதில் இரண்டு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குக் கீழே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டர்போ அழுத்தம் தராது, புகை போதாது. இன்னொன்று, போதுமான புகை வந்த பிறகும் டர்போ சக்கரம் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போக வேண்டிய சக்கரம் அது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இந்த இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, சின்ன டர்போ. இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கு. ஒரே வடிவத்தில் சக்கரத்தைச் சிறிதாக்கினால், அதைச் சுழற்றுவதற்கு எதிராக இருக்கும் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் குறையும். விட்டம் 20 சதவீதம் குறைந்தால் நிலைமம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சின்ன டர்போவுக்கு அதிக ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும்.

ஸ்வீடனின் சாப் கம்பெனி இந்தப் பேரத்தைத் துணிந்து ஏற்றுக்கொண்டது. 1977-ல் வந்த சாப் 99 டர்போவும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர்தான். சக்தி 145 மட்டுமே, பி.எம்.டபிள்யூவைவிட 25 குறைவு. ஆனால் அதிகபட்ச டார்க் 3,000 ஆர்பிஎம்மிலேயே வந்தது. சின்ன டர்போவைச் சீக்கிரம் எழுப்பிவிட்டு, அழுத்தம் எல்லை மீறினால் உபரிப் புகையை வேஸ்ட்கேட் என்ற வால்வு வழியாக வெளியே விட்டார்கள். வேஸ்ட்கேட் சாப்பின் கண்டுபிடிப்பு இல்லை. அதைத் தினசரி ஓட்டும் குடும்பக் காருக்காகப் பயன்படுத்தியதில்தான் அவர்கள் மூளை இருக்கிறது. விளம்பரத்தில் போடும் எண்ணை விட்டுக்கொடுத்து, சாலையில் உணரும் எண்ணை வாங்கினார்கள். 10,000-க்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. சாப் என்றாலே டர்போ என்று ஆனது.

அதே 1977-ல் ரெனோ முதல் டர்போ ஃபார்முலா ஒன் காரை சில்வர்ஸ்டோனில் இறக்கியது. புகை கக்கி அடிக்கடி நின்றதால் ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று கிண்டல் செய்தார்கள். 1979-ல் ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சின்ன டர்போக்களை மாட்டினார்கள். அந்த ஆண்டே டிஜோனில் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை ழான்-பியர் ஜபூய் ஜெயித்தார். மறுபடியும் அதே பாடம்.

இன்னொரு வழி, டர்போ எழும் வரைக்கும் வேறொருவரை வேலைக்கு வைப்பது. சூப்பர்சார்ஜர் புகைக்காகக் காத்திருக்காது, இன்ஜினே அதை பெல்ட் வழியாகச் சுழற்றும். முதல் நொடியிலிருந்தே காற்று தள்ளும். ஆனால் வேகம் கூடக்கூட இன்ஜினின் சக்தியையே அது தின்னும். இரண்டையும் சேர்த்தால்? 1985-ல் லான்சியா டெல்டா எஸ்4 ராலி காரில் அதைச் செய்தார்கள். முதல் போட்டியிலேயே ஹென்ரி டோய்வோனென் அதை வெற்றிக்கு ஓட்டினார். 1986 மே மாதம் கோர்சிகா ராலியில் அதே மாடல் காரில் அவரும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் அதோடு குரூப் பி ராலிக்கே முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

தொழில்நுட்பம் சாகவில்லை. 1980-களின் கடைசியில் நிஸான், மார்ச் என்ற குட்டி காருக்குள்ளேயே இரண்டையும் அடைத்தது. நம்ம ஊரில் மைக்ரா என்று ஓடிய காரின் மூதாதை அது. வெறும் 930 சிசி, 110 குதிரைத்திறன், எடை சுமார் 770 கிலோ! 2005-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடி இதே முறையில் 1.4 லிட்டரில் 170 குதிரைத்திறன் எடுத்தது. 1973-ல் பி.எம்.டபிள்யூ 2 லிட்டரில் எடுத்த அதே எண், இந்த முறை காத்திருப்பு இல்லாமல். ஆனால் இரண்டு கருவி, ஒரு கிளட்ச், கூடுதல் செலவு. பின்னாளில் நேரடி எரிபொருள் தெளிப்பும் நல்ல சின்ன டர்போவும் சேர்ந்து அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்துவிட்டன. எரிபொருளை சிலிண்டருக்குள்ளேயே தெளித்தால் அது ஆவியாகும்போது கலவை குளிரும். அதனால் கம்ப்ரஷன் ரேஷியோவைப் பெரிதாகக் குறைக்க வேண்டியதில்லை. ஜெட்ஃபயர் தனித் தொட்டி வைத்துச் செய்ததை இப்போது பெட்ரோலே செய்கிறது.

இப்போது மின்சாரமும் உதவிக்கு வந்துவிட்டது. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா ஒன் கார்களில் டர்போ தண்டிலேயே மோட்டார் வைத்தார்கள், புகை வருவதற்கு முன்பே அது சக்கரத்தைச் சுழற்றிவிடும். 2022-ல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி சாலைக் காரிலும் அது வந்தது.

இதெல்லாம் விலையுயர்ந்த கார்களில். நம்ம பட்ஜெட்டில் வரும் 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போக்களில் அந்தத் தாமதம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதனால ஒரு விஷயம் சொல்றேன், கார் வாங்கப் போறவங்க குறிச்சுக்கோங்க. பிரவுச்சரில் குதிரைத்திறனுக்குக் கீழே டார்க் என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் எந்த ஆர்பிஎம் என்று போட்டிருப்பார்கள். 1,500-ல் ஆரம்பிக்கிறதா, 2,500-லா என்று பாருங்க. டெஸ்ட் டிரைவில் காலியான ஹைவேயில் ஓட்டிப் பார்த்தா மட்டும் போதாது. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஊர்ந்து ஏறி இறங்கி, இரண்டாவது கியரில் மிதிச்சுப் பாருங்க. ஏசியைப் போட்டு, நாலு பேரை உட்கார வைத்து, மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்க. விற்பனையாளர் சொல்லாத எண் அங்கேதான் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.