அச்சமும் எண்ணிக்கையும்: 1988ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல் மனுவும் மாத்தளை மாவட்டமும்

1988ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆந் திகதி நடைபெற்ற இலங்கைச் சனாதிபதித் தேர்தலின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலே தொடுக்கப்பட்ட மனு, ஈழத்து அரசியல் வரலாற்றிலே தனியிடம் பெறுவதாகும். தோல்வியுற்ற வேட்பாளர் நீதிமன்றத்தை நாடுதல் புதுமையன்று. வாக்களிக்க இயலாதிருந்தோரின் மௌனத்துக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி உண்டு என்னும் வினாவை எழுப்பியமையே இம்மனுவின் சிறப்பு. அவ்வினா கொழும்பிலே வாதிக்கப்பட்டதாயினும், அதற்குரிய நிகழ்வுகள் மாத்தளை, மொனராகலை, மாத்தறை, அம்பாந்தோட்டை முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலே நடந்தேறியவை. அவற்றுள் மாத்தளையை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தம்புள்ளை, லக்கலை, மாத்தளை, இரத்தோட்டை என்னும் நான்கு தேர்தல் தொகுதிகளைக் கொண்டது மாத்தளை மாவட்டம். வடக்கே குளமும் வயலுமான வரண்ட நிலம். தெற்கே தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வளரும் மலைச்சரிவு. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து கால்நடையாக வந்த தமிழகத் தொழிலாளருக்கு மலையகத்தின் தலைவாயிலாக அமைந்ததும் இம்மண்ணே. 1848 யூலையிலே தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டதையும், அடுத்த மாதம் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதையும் நினைவுகூர்ந்து, 1980களின் கிளர்ச்சிக்கு அங்கே வேர் தேடுவாருமுளர். அவ்வொப்பீடு மேலோட்டமானது. 1848இலே மக்கள் புதிய வரிகளுக்கு எதிராக எழுந்தனர். 1988இலே மக்களின் பெயரால் மக்களே அச்சுறுத்தப்பட்டனர்.

1987ஆம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் பின் மக்கள் விடுதலை முன்னணியினர் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி, 1988இன் இறுதியில் உச்சத்தை அணுகிக்கொண்டிருந்தது. சனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அவர்கள் கட்டளையிட்டனர். வாக்களிப்போர் கொல்லப்படுவர் என எச்சரித்தனர். கடையடைப்பும் போக்குவரத்து நிறுத்தமும் துண்டுத்தாள்களின் கட்டளைப்படியே நடந்த காலமது. கட்சி ஊழியர்களும் தேர்தற் பணியாளர்களும் உயிருக்கு அஞ்சினர். மறுபுறத்தே அரச படையினரும் அவர்களைச் சார்ந்த ஆயுதக் குழுக்களும் நிகழ்த்திய பதில் வன்முறையும் சிறிதன்று. இத்தகைய நாளொன்றிலே மாத்தளை மாவட்டத்தில் வாக்களித்தோர் விகிதம் நாட்டின் சராசரிக்கு மிகக் கீழே சென்றதில் வியப்பில்லை.

இங்கே தோட்டத் தமிழரின் நிலையைத் தனியே நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை இழந்தவர்கள் அவர்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு விட்டுவைத்தது. நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 1988இலேதான். நாற்பதாண்டு காத்திருந்த உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறிய அதே ஆண்டிலே, வாக்குச்சாவடிக்குச் செல்வது உயிராபத்தாயிற்று. மனுதாரராகிய திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அந்த 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டவர். அவரே 1980இல் குடியியல் உரிமை பறிக்கப்பட்டு, 1986இல் அதனை மீளப் பெற்றவருமாவார். வாக்குரிமை இழப்பு எத்தகையதென்பதை அவரும் தம் வாழ்விலே அறிந்திருந்தார் எனலாம்.

தேர்தல் முடிவின் எண்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 9,375,742 பேர். வாக்களித்தோர் 5,186,223 பேர், அதாவது 55.32 வீதத்தினர். 1982இலே நடந்த முதலாவது சனாதிபதித் தேர்தலில் இது 81.06 வீதமாக இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் ஆர். பிரேமதாச 2,569,199 வாக்குகளையும் (50.43 வீதம்), ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் திருமதி பண்டாரநாயக்க 2,289,860 வாக்குகளையும், ஒசி அபேகுணசேகர 235,719 வாக்குகளையும் பெற்றனர். முதலிருவருக்கிடையிலான வேறுபாடு 279,339. ஆனால் அரசியலமைப்பு வேண்டுவது செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல். அப்பாதியைப் பிரேமதாச கடந்தது வெறும் 21,810 வாக்குகளினாலேயே. அதனைக் கடவாதிருப்பின் மூன்றாமவருக்கு வாக்களித்தோரின் இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டிருக்கும். இவற்றுக்கு எதிரே, வாக்களியாதோர் தொகை 4,189,519. இந்நாற்பத்திரண்டு இலட்சத்தவரில் அச்சத்தினாற் போகாதவர் எத்தனை பேர், அக்கறையின்மையாற் போகாதவர் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கேடும் சொல்லாது.

மனு 1989ஆம் ஆண்டின் முதலாவது சனாதிபதித் தேர்தல் மனுவாகப் பதியப்பட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சனாதிபதியை வழக்குகளினின்றும் காத்திருந்தபோதிலும், அவரது தேர்தல் பற்றிய வழக்கை அக்காப்பினின்றும் விலக்கியிருந்தது; 130ஆம் உறுப்புரையின்படி அதனை ஐவருக்குக் குறையாத நீதியரசர்கள் கேட்டல் வேண்டும். மனு நிலுவையில் இருக்கையிலேயே, 1989 பெப்ரவரிப் பொதுத்தேர்தலில் திருமதி பண்டாரநாயக்க கம்பஹா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்து எதிர்க்கட்சித் தலைவரானார். இவ்வாறு ஒரே அம்மையார் சபையிலே சனாதிபதியின் ஆட்சியையும், மன்றிலே அவர் ஆட்சிக்கு வந்த முறையையும் எதிர்த்து நின்றார்.

வழக்கின் அச்சாணி 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சனாதிபதித் தேர்தல்கள் சட்டத்தின் 91ஆம் பிரிவாகும். பொதுவான இலஞ்சம், பொதுவான அச்சுறுத்தல், வேறு தீயொழுக்கம் அல்லது வேறு சூழ்நிலைகள் காரணமாக, வாக்காளரிற் பெரும்பான்மையோர் தாம் விரும்பிய வேட்பாளரைத் தெரிவுசெய்வதினின்றும் தடுக்கப்பட்டிருந்தால், அல்லது தடுக்கப்பட்டிருக்கக்கூடுமாயின், தேர்தல் வெறிதாகும் என்பது அப்பிரிவின் சாரம். அச்சுறுத்தியவர் வேட்பாளரின் ஆளாக இருத்தல் வேண்டுமென்று இது விதிக்கவில்லை. ஆகவே தேர்தலையே புறக்கணித்த மூன்றாந் தரப்பாரின் வன்முறையும் இதனுள் அடங்கும். ஆயினும் இவ்விதியின் பிறப்பு வேறொரு சூழலுக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தேர்தற் சட்டம், ஒரு சிறு தொகுதியிலே மதுவும் பணமும் தடியும் கொண்டு வாக்காளரை வளைத்த வேட்பாளர்களை மனத்திற் கொண்டு உருவானது. 1868 வரை அத்தகைய பிணக்குகளைப் பொதுமக்கள் சபையின் உறுப்பினர்களே தீர்த்து வந்தனர். அவர்களின் கட்சிச்சார்பு கண்டே அப்பணி நீதிபதிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

சிறு தொகுதியிலே இவ்விதி நன்கு தொழிற்படக்கூடியது. மாத்தளைக்கு அயலிலுள்ள கண்டித் தொகுதியிலே 1947ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஈ. டி சில்வா பெற்ற வெற்றி, ரி. பி. இலங்கரத்தின தொடுத்த மனுவினால் 1948இல் வெறிதாக்கப்பட்டது. தொகுதி ஒன்று, அதன் வாக்காளரை அறிந்த சாட்சிகள் அண்மையிலேயே இருந்தனர். ஆனால் சனாதிபதித் தேர்தலில் முழுத் தீவும் ஒரே தொகுதி. 'பெரும்பான்மையோர்' என்னும் சொல் அங்கே இரத்தோட்டையின் பெரும்பான்மையையோ லக்கலையின் பெரும்பான்மையையோ குறிப்பதில்லை. தொண்ணூற்று மூன்று இலட்சத்தவரின் பெரும்பான்மையைக் குறிக்கின்றது. மாத்தளை மாவட்டத்தின் அத்தனை வாக்காளரும் வீட்டிலே அடைக்கப்பட்டிருந்தார்களென நிறுவினாலும், தீவளாவிய அளவுகோலில் அது ஒரு சிறு பின்னமே. அன்றியும், தடுக்கப்பட்டோர் எவரை விரும்பினர் என்பதும் இரகசிய வாக்கின் திரைக்குப் பின்னே மறைந்துகிடப்பது. அளிக்கப்பட்ட வாக்கே இரகசியமெனில், அளிக்கப்படாத வாக்குக்குச் சாட்சி எங்கே? அச்சம் ஆழமாக இருந்த இடத்திலேயே அதற்குச் சாட்சி சொல்ல முன்வருவோரும் அருகியிருந்தனர் என்பது இதன் கொடிய முரண்.

முதனிலை எதிர்ப்புகள் 1989இலே ஆராயப்பட்டபின் விசாரணை நீண்டது. 1991இலே ஆளுங்கட்சி உறுப்பினர் சிலரும் எதிரணியினரும் கூடி அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையின்கீழ்ச் சனாதிபதிக்கெதிரான குற்றப்பிரேரணையைச் சபாநாயகர் எம். எச். முகம்மதுவிடம் கையளித்தனர், லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் அதன் முன்னணியில் நின்றனர். முதலில் ஏற்ற சபாநாயகர், ஒக்டோபரில் அதனை நிராகரித்தார். மன்றின் வழி 1992 செப்டெம்பரில் அடைபட்டது: மனு தள்ளுபடியாயிற்று. ஏறத்தாழ மூன்றரை ஆண்டு கடந்திருந்தது. ஆறாண்டுப் பதவிக் காலத்தில் அரைவாசிக்கு மேல் அது.

பிறநாட்டு நிகழ்வுகள் சில இதனோடு ஒப்புநோக்கத்தக்கவை. 1969இலே இந்தியக் குடியரசுத் தலைவராகத் தெரிவான வி. வி. கிரியின் வெற்றியைப் பாராளுமன்ற உறுப்பினர் சிலர் உச்ச நீதிமன்றத்திலே எதிர்த்தனர். அங்கே வாக்காளரே சட்டமன்றத்தினர் என்பதால் மனுதாரரும் அவர்களாயினர். கிரி தாமே மன்றிலே தோன்றிச் சாட்சியமளித்தார். மனுக்கள் 1970இல் தள்ளுபடியாயின. (குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய நாளில் இலங்கையில் இந்திய உயர் ஸ்தானிகராக இருந்தவர் இதே கிரி.) ஒஸ்திரியாவின் கதை வேறு. 2016 மே மாதத் தேர்தலிலே வேறுபாடு 30,863 வாக்குகள். விதிமுறை மீறி எண்ணப்பட்ட தபால் வாக்குகள் 77,926. மோசடி நிகழ்ந்ததென எவரும் நிறுவவில்லை. ஆயினும் முடிவு மாறியிருக்கக்கூடும் என்ற அளவிலேயே அரசியலமைப்பு மன்றம் தேர்தலை வெறிதாக்கியது. அங்கே பிழையான வாக்குகளை எண்ண முடிந்தது. மாத்தளையிலே எண்ணப்பட வேண்டியவை போடப்படாத வாக்குகள்.

இலங்கையிலே இச்சிக்கல் மீண்டும் தலைகாட்டாமலில்லை. 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 வீதத்தினரே வாக்களித்தனர். நாடளாவிய வேறுபாடோ 180,786 வாக்குகள். வடக்கிலே மறுவாக்கெடுப்புக் கோரிய ரணில் விக்கிரமசிங்கவின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 2010இலே சரத் பொன்சேகா தொடுத்த மனு அவ்வாண்டிலேயே தள்ளுபடியானது. இலங்கைச் சனாதிபதித் தேர்தல் எதுவும் இதுவரை நீதிமன்றத்தால் வெறிதாக்கப்பட்டதில்லை.

பிரேமதாச 1993 மே முதலாந் திகதி கொல்லப்பட்டார். 1994 நவம்பரில் நடந்த அடுத்த சனாதிபதித் தேர்தலிலே மனுதாரரின் மகள் சந்திரிகா குமாரதுங்க 62.28 வீத வாக்குகளைப் பெற்றார். நாட்டின் 160 தொகுதிகளுள் மகியங்கனை ஒன்றைத் தவிர ஏனைய யாவும் அவர் பக்கமே நின்றன. மாத்தளையின் நான்கு தொகுதிகளும் அவற்றுள் அடங்கும். ஆறாண்டுக்குப் பின் அளித்த விடையைக் கொண்டு 1988இல் அம்மக்கள் எவ்வாறு வாக்களித்திருப்பர் என்று ஊகிப்பது வரலாற்று முறையாகாது.