ஹீத்ரோ: மூன்றாவது ஓடுபாதையின் கதை

இலண்டன் மாநகரின் மேற்கே ஹீத் றோ என்றொரு சிற்றூர் இருந்தது. புதர்வெளியோரத்து வீட்டு வரிசை என்பதே அப்பெயரின் பொருள். வளமான மண். அங்கு விளைந்த மரக்கறிகளும் பழங்களும் முதலில் குதிரை வண்டிகளிலும் பின்னர் லொறிகளிலும் கொவென்ற் கார்டன் சந்தைக்குப் போயின. இன்று அந்த ஊர் இல்லை. அதன் பெயரை ஒரு விமான நிலையம் எடுத்துக்கொண்டது. பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த நம்மவர் பலர் முதன்முதலில் கால் பதித்ததும் அங்கேதான்.

1944இல் அந்நிலம் சுவீகரிக்கப்பட்டது. விமானப்படையின் நெடுந்தூரப் போக்குவரத்து விமானங்களுக்கு ஒரு தளம் வேண்டும் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். போர்க்கால விதிகளின் கீழ் எடுத்ததால் பொது விசாரணைக்கு இடமில்லை. தோட்டக்காரர்கள் முறையிட வழியும் இல்லை. அக்காலத்தில் விமானத்துறைப் பிரதி அமைச்சராயிருந்த ஹரோல்ட் பல்ஃபோர் 1973இல் தன் நினைவுக்குறிப்பு நூலை வெளியிட்டார். தொடக்கத்திலிருந்தே குடிமக்களுக்கான விமான நிலையமே தங்கள் மனதில் இருந்தது என்றும், போரைச் சாட்டாக வைத்துக்கொண்டதாகவும் அதில் ஒப்புக்கொண்டார். போர் முடிந்து சில மாதங்களுக்குள், 1946 ஜனவரி 1ஆம் திகதி, புவெனஸ் அயர்ஸ் நோக்கிய முதல் பயணிகள் விமானம் அங்கிருந்து கிளம்பியது. பயணிகள் படைமுகாம் கூடாரங்களில்தான் காத்திருந்தார்கள்.

அதே 1944இன் டிசெம்பரில், கடலுக்கு அப்பால் சிக்காகோவில், உலக நாடுகள் கூடிச் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. ஒரு நாட்டில் வந்திறங்கும் விமானத்தின் தாங்கியில் இருக்கும் எரிபொருளுக்கு அந்நாடு வரி அறவிடக் கூடாது என்கிறது அதன் 24ஆம் உறுப்புரை. பின்னர் நாடுகள் தமக்குள் செய்த இருதரப்பு ஒப்பந்தங்கள், சர்வதேசப் பயணத்துக்காகப் புதிதாக நிரப்பும் எண்ணெய்க்கும் இச்சலுகையை விரித்தன. முச்சக்கர வண்டிக்காரன் தன் பெற்றோலுக்கு வரி கட்டுகிறான். கண்டம் தாண்டும் விமானம் கட்டுவதில்லை. விமானப் பயணம் ஏன் இவ்வளவு மலிந்தது என்று கேட்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அறுபதுகளின் இறுதியில் இலண்டனுக்கு மூன்றாவது விமான நிலையம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1968இல் நியமிக்கப்பட்ட றொஸ்கில் ஆணைக்குழு எல்லாவற்றையும் பவுணில் கணக்கிட்டது. பயணியின் நேரத்துக்கு ஒரு விலை, இரைச்சலுக்கு ஒரு விலை, இடிபடும் வீட்டுக்கு ஒரு விலை. கணக்கின் முடிவில் கப்ளிங்டன் என்ற உள்நாட்டுக் கிராமப்புறம் தேர்வானது. ஆணைக்குழு உறுப்பினரான கொலின் புக்கானன் மட்டும் உடன்படாமல் தன் மறுப்பைத் தனியே எழுதினார். அரசாங்கம் கப்ளிங்டனை விட்டுக் கடலோர மேப்ளினைத் தேர்ந்தது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974இல் அதையும் கைவிட்டது. எனவே பாரம் மீண்டும் ஹீத்ரோவின் தலையில் விழுந்தது.

ஐந்தாவது முனையத்துக்கான பொது விசாரணை 1995இல் தொடங்கி 1999வரை, 525 நாட்கள் நடந்தது. இந்த முனையம் கிடைத்தால் மூன்றாவது ஓடுபாதை தேவைப்படாது என்று நிறுவனம் அயலவர்களுக்குக் கடிதமே எழுதியது. 2001இல் அனுமதி கிடைத்தது; ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் விமானங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2003 டிசெம்பர் வெள்ளையறிக்கை மூன்றாவது ஓடுபாதையை ஆதரித்தது. ஒரு தலைமுறைக்குள் இத்தனை வாக்குறுதிகள் தேய்ந்த இடத்தில், சிப்சன், ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமத்தவர்கள் எந்த வாக்கையும் நம்பாததில் வியப்பில்லை. ஹார்மண்ட்ஸ்வர்த்தில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரத்தால் கட்டிய பெருங்களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. புதிய ஓடுபாதைகளின் வரைபடங்கள் ஒவ்வொன்றாக அதை நெருங்கி வந்திருக்கின்றன.

அதுவரை இது இரைச்சலும் வீடும் பற்றிய சண்டை. 2007 ஓகஸ்டில் காலநிலைச் செயற்பாட்டாளர்கள் அங்கு முகாமிட்டதோடு வழக்கின் தன்மையே மாறியது. 2009 ஜனவரியில் தொழிற்கட்சி அரசாங்கம் ஓடுபாதைக்கு இசைந்தபோது, கிறீன்பீஸ் அமைப்பு சிப்சனில் ஒரு வயல்துண்டை வாங்கி உரிமையைப் பல்லாயிரம் பேரோடு பகிர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கமரூன் மூன்றாவது ஓடுபாதை வராது என்று நிபந்தனையின்றி உறுதியளித்தார்; 2010இல் ஆட்சிக்கு வந்ததும் திட்டத்தை நிறுத்தினார். 2012இல் அவருடைய அரசாங்கமே புதிய ஆணைக்குழுவை அமைத்தது. 2015இல் அவ்வாணைக்குழு மீண்டும் ஹீத்ரோவையே சுட்டியது.

உலக அரங்கிலும் நழுவல்தான். 1997இன் கியோட்டோ உடன்படிக்கை, சர்வதேச விமானங்களின் புகையை நாடுகளின் கணக்கில் சேர்க்காமல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்படைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் எல்லா விமானங்களையும் தன் காபன் சந்தைக்குள் கொண்டுவர முயன்றது. சீனா, இந்தியா, அமெரிக்கா எதிர்த்ததும் ஐரோப்பாவுக்குள் பறப்பவற்றோடு நிறுத்திக்கொண்டது.

2018 ஜூன் 25ஆம் திகதி பாராளுமன்றம் 415க்கு 119 என்ற வாக்குகளால் ஓடுபாதையை ஏற்றது. புல்டோசருக்கு முன்னால் படுப்பேன் என்று சொல்லியிருந்த பொரிஸ் ஜோன்சன், அன்று வெளிநாட்டமைச்சர் என்ற முறையில் காபூலில் இருந்தார். 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2015இன் பாரிஸ் உடன்படிக்கையைக் கருத்திற்கொள்ளாத இக்கொள்கை சட்டத்துக்கு முரணானது என்றது. பத்தே மாதங்களில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏகமனதாகப் புரட்டியது. பாரிஸ் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது மட்டும், சட்டம் குறிப்பிடும் ‘அரசாங்கக் கொள்கை’ ஆகிவிடாது என்பது அதன் வாதம். வியன்னாவின் மூன்றாவது ஓடுபாதைக்கும் இதே கதிதான்: 2017 பெப்ரவரியில் ஒரு நீதிமன்றம் காலநிலையைக் காட்டி மறுத்தது, ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் அம்மறுப்பை இரத்துச் செய்தது.

விமானங்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு உலக மொத்தத்தில் 2.5 வீதமளவு. சிறியதுதானே என்பார்கள். ஆனால் உயரத்தில் அவை விட்டுச்செல்லும் வெண்கோட்டு மேகங்களும் வெப்பத்தைக் கூட்டுகின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2018இல் உலக மக்களில் 11 வீதத்தினரே விமானமேறினர். அதிகம் பறக்கும் ஒரு வீதத்தினரே பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம். நம் சாய்ந்தமருதிலிருந்தும் மூதூரிலிருந்தும் கட்டாருக்கும் சவூதிக்கும் உழைக்கப் போகிறவன் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருகிறான். வார இறுதிக்கு ஸ்பெயினுக்குப் பறந்து வருபவனையும் அவனையும் ‘பயணி’ என்ற ஒரே சொல்லால் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விமானம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. யாருடைய எத்தனையாவது பயணத்துக்காக இந்த ஓடுபாதை என்பதே. றொஸ்கிலின் கணக்குப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இருக்கவில்லை. பின்வந்தவர்களும் அதைச் சேர்க்கவில்லை.

2019இல் பிரித்தானியா தன் நிகர வெளியேற்றத்தை 2050இல் பூச்சியமாக்கச் சட்டமியற்றியது. அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் காலநிலை மாற்றக் குழு, நாடளாவிய கொள்ளளவுத் திட்டமொன்று வரும்வரை எந்த விமான நிலையத்தையும் விரிவாக்க வேண்டாமென 2023இல் கூறியது. இரண்டே ஓடுபாதைகளோடு ஹீத்ரோ 2024இல் 8 கோடியே 39 இலட்சம் பயணிகளைக் கையாண்டது. 2025 ஜனவரியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பொருளாதார வளர்ச்சிக்கு மூன்றாவது ஓடுபாதை வேண்டும் என்று அறிவித்தார். சிப்சனில் பல வீடுகளை நிறுவனம் எப்போதோ வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டது. எஞ்சிய சொந்தக்காரர்கள் மறுபடியும் கூட்டம் கூடத் தொடங்கினார்கள்.